தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த தனிவழி தொழிலாளிக்கு எப்போது?

போன மாதம் எங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளம், வீடு, சேமலாப நிதி என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு நான் எழுந்து பஸ் விடயத்தை எடுத்தேன். மலையக நகரங்களில் பஸ்ஸுக்கென்று தனிவழி ஒதுக்கச் சொல்லி ஒரு மகஜர் அனுப்பலாம் என்றேன். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. தலைவர் சிரிக்கவில்லை. "டீச்சர், நம்ம தோட்டத்துக்கு ஒழுங்கா ஒரு ரோடே இல்ல. நீங்க பஸ்ஸுக்குத் தனி ரோடு கேக்கச் சொல்றீங்க. மொதல்ல சம்பளத்தப் பாப்போம்" என்றார்.

மலையிலும் சங்கத்திலும் தலை நரைத்த மனிதர். அந்த இடத்தில் அவரைத் தட்டிப் பேச எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மறு பாதிக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை அவருக்கும், அவரைப் போல நினைக்கிற மற்றத் தோழர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

பஸ்ஸும் சம்பளமும்

கிளினிக் நாளன்று ஒரு தாய்க்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். டொக்டர் அவரைப் பார்ப்பது ஐந்து நிமிடம். மருந்து எடுக்க ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் விடிய முன் லயத்தை விட்டு இறங்கியவர் திரும்பி வரும்போது பின்னேரம் ஆகிவிடுகிறது. அன்றைய பேர் போய்விட்டது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதற்காக நாம் எத்தனை கூட்டம் கூடினோம், எத்தனை நாள் வேலையை நிறுத்தினோம்! அந்தக் காசு சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றே போய்விடுகிறது. பஸ் வராவிட்டால் ஆட்டோ பிடிக்க வேண்டும். அப்போது போன பேரோடு சேர்த்து நாளைய பேரிலும் ஒரு துண்டு போகிறது.

வங்கிக்குப் போனாலும், பிரதேச செயலகத்துக்குப் போனாலும், அடையாள அட்டைக்குப் போனாலும் இதே கதைதான். கையில் வாங்கும் சம்பளத்தைத்தான் நாம் கணக்குப் பார்க்கிறோம். வழியில் இழக்கும் சம்பளத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை படித்தாள். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா இல்லை. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டாள். எங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. நகரத்துப் பாடசாலையில் இடம் எடுத்துக் கொடுத்தோம். தோட்டத்திலிருந்து பிரதான வீதிச் சந்திக்கு நாலு கிலோமீற்றர் நடை. விடியற்காலை இருட்டில் புறப்பட்டுச் சந்திக்கு வந்தால், முதல் பஸ் நிறைந்து வந்து நிற்காமல் போகும். அடுத்த பஸ் கிடைத்தாலும் அது நகரத்துக்கு வெளியே வாகன வரிசையில் மாட்டிக்கொள்ளும். இறங்கி ஓடிப்போனாலும் கேற் மூடியிருக்கும். பிந்தி வந்ததற்கு வெளியே நிற்க வேண்டும்.

முதல் தவணை தாங்கினாள். இரண்டாம் தவணை நடுவில் நின்றுவிட்டாள். நான் லயத்துக்குப் போய்க் கேட்டபோது, "பாடம் கஷ்டமில்ல டீச்சர். போய்ச் சேர்றதுதான் முடியல" என்றாள். இப்போது கொழும்புப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தீபாவளிக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

தேயிலைக்குத் தனிவழி போட்ட கதை

தனிவழி என்றால் நம்மில் பலருக்கு ஏதோ வெளிநாட்டு விடயம் போலத் தெரிகிறது. மலைநாட்டில் தனிவழி வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. அதன் பெயர் ரயில் பாதை.

கோப்பிக் காலத்தில் மலையிலிருந்து மூட்டைகள் மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போயின. வழியில் தாமதம், சேதம், செலவு. துரைமார் 1854 இல் கண்டியில் தோட்டத் துரைமார் சங்கத்தை அமைத்து, ரயில் பாதை வேண்டுமென்று அரசாங்கத்தை நெருக்கினார்கள். 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1874 இல் நாவலப்பிட்டி, 1885 இல் நானுஓயா, 1924 இல் பதுளை. மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள், பள்ளத்தின் மேல் பாலம் கட்டினார்கள். நுவரெலியாவுக்கு ஊடாக ராகலை வரையும் ஒரு சிறிய ரயில் பாதை 1904 அளவில் ஓடியது. பின்னர் 1940 அளவில் அதை மூடிவிட்டார்கள். கந்தப்பளைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தக் கதை தெரியும்.

ரயில் பாதையின் சட்டம் என்ன? அதில் வேறு எந்த வாகனமும் போகக் கூடாது. கேற்றைப் போட்டால் துரையின் காரும் நின்றுதான் ஆக வேண்டும். முதலில் கோப்பி மூட்டைக்கு, பிறகு தேயிலைப் பெட்டிக்கு நேரம் முக்கியம் என்று நினைத்தார்கள். அதனால் அதற்கென்று தனிவழி போட்டார்கள். "மலை செங்குத்து, இங்கே முடியாது" என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை.

அதே காலத்தில் நமது முன்னோர் எப்படி வந்தார்கள்? தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். கோப்பி ரயிலில் இறங்கியது, ஆட்கள் நடந்து ஏறினார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கும் இல்லை. இன்றைக்கும் நமது பிள்ளை நாலு கிலோமீற்றர் நடந்து சந்திக்கு வருகிறாள். கொழுந்து லொறி அவளைக் கடந்து நேரத்துக்கு பெக்டரிக்குப் போய்ச் சேருகிறது.

ஆகவே கேள்வி மலையைப் பற்றியது அல்ல. யாருடைய நேரத்துக்கு மதிப்பு என்பதைப் பற்றியது.

விரைவு பஸ் சேவை என்றால் என்ன?

ரயில் பாதைக்குள்ள அந்த முன்னுரிமையை ரோட்டிலே பஸ்ஸுக்குக் கொடுப்பதுதான் விரைவு பஸ் சேவை. பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரம் 1974 இல் இதைத் தொடங்கியது. நிலக்கீழ் ரயில் போடக் காசு இல்லாத நகரம் அது. ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் வழியை ஒதுக்கினார்கள். 2000 ஆம் ஆண்டின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரம் அதையே பெரிய அளவில் செய்தது. அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பயணங்கள் அந்த பஸ்களில் நடந்திருக்கின்றன. பக்கத்தில் இந்தியாவில் அகமதாபாத்தில் 2009 இலும், பாகிஸ்தானின் லாகூரில் 2013 இலும் இந்தச் சேவை வந்தது.

இதில் நாலு விடயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். முதலாவது, பஸ்ஸுக்கு மட்டுமான வழி. இரண்டாவது, ஏறும் முன்பே டிக்கட். கொண்டக்டர் ஒவ்வொருவராகக் காசு வாங்கும்வரை பஸ் நிற்காது. மூன்றாவது, பஸ்ஸின் தளமும் தரிப்பிடத்தின் தளமும் ஒரே மட்டம். வயிற்றுப் பிள்ளைக்காரியும், கால் ஏலாத தாத்தாவும் படி ஏறாமல் உள்ளே போகலாம். நாலாவது, நேரம். ஒன்று போனால் அடுத்தது சில நிமிடத்தில் வரும் என்ற நம்பிக்கை.

இதன் நியாயம் மிகவும் எளிது. ஒரு பஸ்ஸில் 50 பேர் போகிறார்கள். அந்த 50 பேரும் காருக்கு இரண்டு பேராகப் போனால் 25 கார் வேண்டும். ரோட்டில் அந்த 25 காரும் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள், ஒரு பஸ் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். ரோடு எல்லோருடைய வரிக்காசில் போட்டது. கடையில் ஒரு இறாத்தல் சீனி வாங்கும் தொழிலாளியும் வரி கட்டுகிறார். அப்படியென்றால் 50 பேர் உள்ள வண்டி, ஒருவர் உள்ள வண்டிக்குப் பின்னால் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

மலைக்கு இது சரிவருமா?

"அதெல்லாம் பெரிய நகரத்துக்கு, நமது வளைவு ரோட்டுக்கு எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கைச் சொல்ல வேண்டும்.

அங்கே அஸ்பன் என்று ஒரு நகரம். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அஸ்பன் ஏறத்தாழ 2,400 மீற்றர். குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாட உலகத்துப் பணக்காரர் வருகிற இடம். அங்குள்ள ஹோட்டல்களில் கட்டில் விரிப்பவர்களும், பாத்திரம் கழுவுபவர்களும், கட்டட வேலை செய்பவர்களும் அந்த நகரத்தில் வீடு எடுக்க முடியாது. வாடகை அவ்வளவு. அவர்கள் பள்ளத்தாக்கின் கீழே உள்ள சிறு ஊர்களில் இருந்துகொண்டு தினமும் மேலே வேலைக்குப் போகிறார்கள். நுவரெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஹோட்டல் வேலைக்கும் மரக்கறித் தோட்ட வேலைக்கும் போகிற நமது பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் சேர்ந்து ஒரு போக்குவரத்து அதிகார சபையை அமைத்து நடத்துகின்றன. 2013 இல் அவர்கள் விரைவு பஸ் சேவையைத் தொடங்கினார்கள். தூரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். நகரத்துக்கு வெளியே, பல ஊர்களை இணைத்து ஓடும் இப்படியான சேவை அமெரிக்காவில் அதுதான் முதலாவது. முழுத் தூரமும் அவர்கள் தனிவழி போடவில்லை. வாகனம் குறைந்த இடத்தில் பஸ் சாதாரண ரோட்டிலேயே ஓடுகிறது. அஸ்பனை நெருங்கும் நெரிசலான பகுதியில் பஸ்ஸுக்கு வழி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் கார்கள் வரிசையில் நிற்க, வேலைக்குப் போகிறவர்களின் பஸ் பக்கத்தால் போய்விடுகிறது. மிச்சத்தை நல்ல தரிப்பிடமும், அடிக்கடி வரும் பஸ்ஸும், சரியான நேர அட்டவணையும் பார்த்துக்கொள்கின்றன.

அந்த ரோடு நமது ரோட்டை விட அகலமானது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். கினிகத்தேனை வளைவிலோ ரம்பொடை ஏற்றத்திலோ யாரும் தனிவழி கேட்கவில்லை. அங்கே பஸ் எப்படியோ ஓடிவிடுகிறது. ஹற்றன் நகரத்துக்குள், தலவாக்கலைக் கடைத்தெருவில், நுவரெலியா நுழைவாயிலில்தான் பஸ் நிற்கிறது. நாம் கேட்பது சில நூறு மீற்றர், அதுவும் காலையும் பின்னேரமும் சில மணித்தியாலம்.

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் ரோடுகளை ஒருவழிப் பாதையாக மாற்றுகிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் விசேட போக்குவரத்து ஒழுங்கு செய்கிறார்கள். உல்லாசப் பயணிக்கும் யாத்திரிகருக்கும் ரோட்டை மாற்றி அமைக்க முடியுமென்றால், வருடம் முழுக்க ஓடும் பாடசாலைப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

கோடு கீறினால் மட்டும் போதாது

இதில் தோற்றவர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் 2008 இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றருக்கு பஸ் தனிவழி திறந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் தங்களுக்கு இடம் குறைந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். நீதிமன்றம் வரை போனார்கள். 2012 இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் சத்தம் ஓயவில்லை. 2016 இல் அரசாங்கமே அதை இடித்தது. பஸ்ஸில் போனவர்கள் தொகையில் அதிகம். அவர்களுக்காகச் சத்தம் போட ஓர் அமைப்பு பலமாக இருக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நமது நாட்டிலும் பார்த்தோம். 2020 செப்டெம்பரில் கொழும்பின் சில பிரதான வீதிகளில் பஸ்ஸுக்கு இடது பக்க வழி என்று பொலிஸார் சட்டம் நடைமுறைப்படுத்தினார்கள். தொடக்கத்தில் ஆட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் அதே வழியில் விட்டார்கள். பஸ் தரிப்பிடமும் டிக்கட் முறையும் பழையபடியே இருந்தன. ரோட்டில் கீறிய கோட்டை மதிக்க வைக்க ஆளும் வேண்டும், அதைக் காப்பாற்ற அமைப்பும் வேண்டும்.

சாரதியும் கொண்டக்டரும் நம்மவர்களே

பஸ் என்றால் நாம் முதலில் ஏசுவது கொண்டக்டரைத்தான். அவரும் ஒரு தொழிலாளி என்பதை மறந்துவிடுகிறோம். தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் அவர்கள் கைக்குக் காசு வருகிறது. ஆள் ஏறாவிட்டால் காசு இல்லை. அதனால் சந்தியில் நிறையும்வரை நிறுத்துகிறார்கள். பின்னால் இன்னொரு பஸ் வந்தால் போட்டிக்கு ஓடுகிறார்கள். பொகோட்டாவிலும் முன்னர் இதே நிலைமைதான். விரைவு சேவை வந்தபோது, ஆள்கணக்குக்குப் பதிலாக ஓடிய கிலோமீற்றர் கணக்குக்குப் பஸ் கம்பனிகளுக்குக் காசு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் போட்டி ஓட்டத்துக்குக் காரணம் இல்லாமல் போனது.

2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆசனங்கள் நிறைந்து, அதற்கு மேலும் ஆட்கள் ஏறியிருந்த பஸ் அது. போதுமான பஸ் இல்லாத இடத்தில், வந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறத்தான் செய்வார்கள். நேரத்துக்கு அடுத்த பஸ் வருமென்று தெரிந்தால் யாரும் மிதிபலகையில் தொங்க மாட்டார்கள்.

ஆட்டோ ஓட்டும் நமது இளைஞர்களின் பயமும் எனக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை வேண்டாமென்று லீசிங் போட்டு ஆட்டோ எடுத்த பிள்ளைகள் அவர்கள். பிரதான வீதியில் நல்ல பஸ் வந்தால் தூர ஹயர் குறையலாம். ஆனால் சந்திக்கும் லயத்துக்கும் இடையில் பஸ்ஸுக்கு ஆள் கொண்டுவருகிற வேலை கூடும். எங்கள் கோரிக்கையில் அவர்களுக்குச் சந்தியில் முறையான தரிப்பிடம் கேட்பதும் சேர வேண்டும். அவர்களை விட்டுவிட்டு இந்த மகஜரை எழுதக் கூடாது.

"நமக்கு ரோடே இல்லை"

இப்போது தலைவர் சொன்ன நியாயமான பாதிக்கு வருகிறேன். நகரத்தில் தனிவழி வந்தாலும் தோட்டத்திலிருந்து சந்திக்கு வர வழி இல்லையே!

நீண்ட காலம் பிரதேச சபையிடம் போனால், "தோட்டத்து ரோடு நிருவாகத்துடையது, எங்கள் காசைப் போட முடியாது" என்பார்கள். நிருவாகத்திடம் போனால், "லொறி போகுதுதானே" என்பார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவுதான் அதற்குக் காரணமாக இருந்தது. 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற பழைய பதிலை இனி நாம் ஏற்கத் தேவையில்லை. 2025 மே மாதம் நமது வாக்கில் தெரிவான உறுப்பினர்கள் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் சட்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் ஓடும் சிசு செரிய, வருமானம் குறைந்த கிராமத்து வழிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து ஓட்டும் கெமி செரிய என்ற சேவைகள் ஏற்கனவே நாட்டில் இருக்கின்றன. தோட்டத்து வழிகளை அவற்றில் சேர்க்கச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ரோட்டை முதலில் கேட்போம், தனிவழியைப் பிறகு கேட்போம் என்று பிரித்தால் இரண்டும் வராது. தோட்டத்திலிருந்து சிறிய பஸ் சந்திக்கு வருகிறது. அதே நேரத்துக்குப் பெரிய பஸ் சந்தியில் நிற்கிறது. நகரத்தில் அது வரிசையில் மாட்டாமல் உள்ளே போகிறது. இந்த மூன்றும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் பிள்ளை பாடசாலைக்குப் பிந்தித்தான் போவாள்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் பாடசாலைக்கும் வேலைக்கும் போகும் நேரங்களில் பஸ்ஸுக்கு மட்டும் வழி ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் ரோட்டோரம் வாகனம் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும்.

இரண்டு: பிரதான வீதியில் ஒவ்வொரு தோட்டச் சந்தியிலும் பஸ் ஒதுங்கி நிற்க இடமும், மழைக்கு நனையாத கூரையும் வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபை ரோட்டைத் திருத்தும் போதெல்லாம் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

மூன்று: பெரட்டு நேரம், பாடசாலை நேரம், கிளினிக் நாள் ஆகியவற்றைப் பார்த்து நேர அட்டவணை போட வேண்டும். அதைப் போடும் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.

நான்கு: தோட்டத்துச் சிறிய பஸ்ஸுக்கும் பிரதான வீதிப் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கட் வேண்டும். சாரதிக்கும் கொண்டக்டருக்கும் வசூலில் தங்காத நிரந்தரச் சம்பளம் வேண்டும்.

கண்டியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பஸ் நிலையத்தை குட்ஷெட் என்கிறோம். ஒரு காலத்தில் ரயில்வேயின் சரக்குக் கொட்டில் இருந்ததால் வந்த பெயர். ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் நாம் அங்கேதான் பஸ் ஏறிப் பழகினோம். இப்போது அந்த இடத்தில் உலக வங்கியின் கடனில் பெரிய போக்குவரத்து முனையம் கட்டுகிறார்கள். நல்லது. ஆனால் கண்டியில் கட்டடம் எழும்பினால் மட்டும் நமது சந்தியில் பஸ் நிற்காது. அந்தக் கடனை நாமும்தான் கட்டப்போகிறோம். அதன் பயன் மலைக்கு ஏறிவர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஒரு கொப்பியும் ஒரு பேனையும்

மகஜரில் "பஸ் ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதினால் அதிகாரி சிரித்துவிட்டுக் கோவையில் போட்டுவிடுவார். நாங்கள் கணக்கோடு போக வேண்டும்.

எனவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு கிழமைக்கு, பாடசாலை நாட்களில், காலை 5.30 மணியிலிருந்து 8 மணிவரை சந்தியில் ஒருவர் கொப்பியோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு பஸ்ஸும் எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, நிற்காமல் போனதா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை பேர். இவ்வளவும் எழுதினால் போதும். நகரத்தில் படிக்கும் பிள்ளைகள் பாடசாலைக்குள் போன நேரத்தைத் தாங்களே எழுதட்டும். மகளிர் அணித் தோழிகள் கிளினிக் நாளன்று போன நேரத்தையும் வந்த நேரத்தையும், போன பேரையும் எழுதட்டும். எல்லாக் கொப்பியையும் மாவட்டக் காரியாலயத்தில் சேர்த்தால், யாரும் மறுக்க முடியாத ஒரு கணக்கு நமது கையில் இருக்கும். டெல்லியில் பஸ்ஸில் போனவர்களிடம் இல்லாமல் போனது அப்படியான ஒரு பலம்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "சம்பளத்த விடக் கூடாது டீச்சர்" என்றார். "விடவே மாட்டோம் தலைவரே" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அவ எங்க லயந்தான்" என்றார். திங்கட்கிழமை காலையில் சந்தியில் நிற்கப் போவது அவர்தான். கொப்பியை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.